காகிதப் பாறை

ராயபுரம் நியூ கமலம் டாக்கீஸ், காலைக் காட்சி.
பதினாலாம் நம்பர் கேங் மொத்தமும் தரை டிக்கெட்டில்.
நான் அவர்களில் ஒருவன் இல்லை.
துறைமுகத்தில் அவர்கள் தூக்குவதை எண்ணி எழுதுகிறவன்.
இருந்தும் எனக்கென்று துண்டு போட்டு வைப்பார்கள்,
தூணுக்குப் பக்கத்தில், முக்கால் திரை தெரிகிற இடம்.

இத்தாலிக்காரன் எடுத்த படம்.
இங்கிலீஷில் பேசினார்கள்,
வாயை மூடிய பிறகும் பேசினார்கள்.
கதை கேட்காதீர்கள். ராணி கெட்டவள்,
அவள் தங்கச்சி நல்லவள்.
ஒரு சிங்கம் வந்தது, தூக்கம் கலைந்த முகத்தோடு.
நடுவில் இவன்.
எண்ணெய் தேய்த்துக்கொண்டு
குளிக்க மறந்தவன் போலப் பளபளவென்று.
மார்பு முதலில் வந்தது,
பின்னாலேயே மீதி ஆள்.

குன்றில் ஏறினான்.
கீழே குதிரைப் படை.
பாறையைத் தலைக்கு மேல் தூக்கினான்.
விசில் இல்லை.
தனக்கோட்டி பீடியைத் தரையில் தேய்த்தான்.
"முட்டி மடங்கல, பாத்தியா?
மூச்சு எங்க புடிச்சான்? கழுத்து நரம்பு எங்க?
காயிதம்பா அது. உள்ள காத்து."
உருண்ட பாறை ஒரு குதிரைமேல் பட்டுத்
துள்ளி அப்பால் போனது.
குதிரை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
கொட்டகை சிரித்த சிரிப்பில்
தகரத்தடியில் அடைந்திருந்த புறாக்கள் கலைந்து
புரொஜெக்டர் வெளிச்சத்தில் பறந்தன.

அப்புறம் கோட்டைக் கதவை இடிக்கிறார்கள்.
எட்டு அடிமைகள், ஒரு மரம்.
சாட்டை விழுந்து கொஞ்சம் கழித்துச் சத்தம் விழுந்தது.
தனக்கோட்டி எழுந்தேவிட்டான்.
"குந்துய்யா, மறைக்குது" என்றான் பின்னாலிருந்து ஜெகபர்.
"இரு. கடைசி ஆளப் பாரு. ஓரத்துல, சொட்டத் தல.
மரம் நெசம்.
முன்ன நிக்கிறவன்லாம் கைய சொம்மா வச்சிக்கினு கீறான்.
அத்தினி கனமும் அவன் தோள்ல எறங்குது."
எனக்குத் தூண் மறைத்தது.

அந்த வாரம் இரவு ஷிப்ட்.
விடிந்ததும் நேரே கொட்டகைக்குப் போனான்,
திங்கள், செவ்வாய், புதன்.
வியாழக்கிழமை நானும் போய்
தூணைவிட்டு விலகி உட்கார்ந்தேன்.
ஓரத்தில் அவன். இரண்டு நொடி.
வலது முட்டி ஒருமுறை நடுங்கி, நிற்கிறது.
பிறகு அவனே தலைக்கவசம் மாட்டி ராணியின் காவலாளி,
நாயகன் தள்ளிவிட்டுச் சாகிறான்.
அடுத்த ரீலில் உயிரோடு
சந்தையில் மீன் விற்கிறான்.
"ஒரு படத்துல மூணு வேல.
மூணு கூலி குடுத்திருப்பானா?"
எனக்குத் தெரியவில்லை.
எழுதுகிற ஆள், தெரிந்திருக்கும் என்று
கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தான்.

படப்பெட்டி பொன்னேரிக்குப் போனது.
அதே மாதக் கடைசியில் இத்தாலிக் கப்பல்,
மவுண்ட் ரோட்டில் எழும்பும் ஏதோ ஒரு வங்கிக்குப்
பளிங்குப் பலகைகள், மரப்பெட்டிகளில்.
கிரேன் மேடைவரைக்கும்தான்.
அங்கிருந்து ஷெட்டுக்கு
ஒரு பெட்டிக்கு எட்டுப் பேர்.
கறுப்பு மை எழுத்தைத் தொட்டு
எந்த ஊர் என்று கேட்டான் தனக்கோட்டி. சொன்னேன்.
"அதான பாத்தேன்!
நல்ல கல்லெல்லாம் நம்ம தலைல கட்டிட்டு
அங்க காயிதத்தத் தூக்கிக்கினு கீறான்."
எட்டுப் பேரும் சிரித்தார்கள்,
தூக்கும் முன் சிரித்தால்
மூச்சு வீண் என்று தெரிந்தவர்கள்தான்.

கட்டையில் ஓரத்து இடம் பொல்லாதது.
யாரும் கேட்டு வாங்குவதில்லை.
தனக்கோட்டி போய் அங்கே நின்றான்.
நான் கோடு போட்டுக்கொண்டிருந்தேன்,
நாலு நேர்க்கோடு, அதன்மேல் ஒரு குறுக்கு.
ஒன்பதாவது பெட்டி. ஷெட் வாசல்.
வலது முட்டி நடுங்கியது.
குறுக்கே தூண் எதுவும் இல்லை.
பென்சில் சீவ வேண்டும் போல
நான் குனிந்துகொண்டேன்.